சம்பந்தியின் தூண்டிலில் என் முடிச்சு

வெல்டிங் தடத்தைப் பார்த்தே ஒரு கேட் யார் கையில் உருவானது என்று சொல்லிவிடுவேன். மலாக்காவின் புக்கிட் பெருவாங்கில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நான் செய்த கேட் ஒன்றாவது நிற்கும். மழையிலும் வெயிலிலும் கிடந்தும் ஒன்றுகூட இதுவரை இறங்கித் தொங்கியதில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு மேல் நான் உட்காரவில்லை. பள்ளிக்கூடம் எனக்குக் கொடுக்காமல் விட்டதை இரும்பிலும் நெருப்பிலும் நானே தேடி எடுத்துக்கொண்டேன். இன்று பட்டறை சொந்தம், லாரி சொந்தம், வீடு சொந்தம். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், வேலையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு உண்டு என்பது தெரிந்தால்தான் அடுத்து நான் சொல்வது நம்பும்படி இருக்கும்.

போன வருடக் கடைசியில், டுரியான் துங்கால் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பழைய மணல் குட்டையில், என் சம்பந்தி தூண்டிலைத் தூக்கினார். சம்பந்தி என்றால் என் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் பெரியவர், மாப்பிள்ளையின் அப்பா. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் மீன் பிடிக்கப் போவோம். அவர் தூக்கிய தூண்டில் நரம்பின் நுனியில், மீனை ஏமாற்றும் பொய் இரையான சின்ன ஜிக் ஒன்று காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது. பச்சை பூசிய ஈயத் தலை, அதன் பின்னால் கறுப்பு நூல் கட்டு, கட்டு முடிகிற இடத்தில் சிவப்பு நூலில் ஒரே ஒரு வளையம். வளையத்துக்குப் பின்னால் செவலை முடி. முடியின் நுனி மட்டும் வெள்ளை.

அது என் முடிச்சு. நான் அவருக்கு ஒரு ஜிக்கும் கொடுத்ததில்லை.

ஏன் கொடுத்ததில்லை என்றால், அது விளையாட்டுச் சாமான் இல்லை. நாங்கள் பிடிக்கும் மீன் பீக்காக் பாஸ். வாலடியில் மயில் தோகைக் கண்ணைப் போல ஒரு வட்டம் இருக்கும். மலாய்க்காரர்கள் ராஜா என்பார்கள். இந்த ஊர் மீன் இல்லை, எங்கிருந்தோ யாரோ கொண்டுவந்து விட்டது. எங்களைப் போலவே இங்கேயே பெருகிவிட்டது. வெயில் காலத்தில் அதை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். பளபளப்பாக எதையாவது வீசி வேகமாக இழுத்தால் துரத்தி வந்து அடிக்கும். ஆனால் வருடக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டு நாள் கணக்கில் விடாமல் பெய்தால் குட்டைத் தண்ணீர் குளிர்ந்துவிடும். மலேசியாவில் என்ன பெரிய குளிர் என்று மனிதன் நினைப்பான். மீன் அப்படி நினைப்பதில்லை. ஆழத்தில் விழுந்து கிடக்கும் மரத்தடியில் போய் நின்றுகொள்ளும். எதையும் துரத்தாது. மூக்குக்கு முன்னால் ஏதாவது வந்து அசையாமல் நின்றால், அதுவும் மனசிருந்தால், வாயைத் திறக்கும்.

இதற்கு வழி கண்டுபிடித்தது நான். ஒரு மழைக்காலத்தில் தோள்பட்டை வலி. வீசி இழுக்க முடியவில்லை. பட்டறையில் கிடந்த பெயிண்ட் பிரஷ்ஷின் முடியைப் பிடுங்கி, ஈயம் வைத்த முள்ளில் கட்டி, மேலே மிதவை மாட்டி, ஆள் ஆழத்துக்குத் தொங்கவிட்டுவிட்டுக் கரையில் சும்மா உட்கார்ந்துவிட்டேன். காற்று மிதவையை லேசாக ஆட்டும். அந்த ஆட்டம் போதும், கீழே முடி விரியும், மூடும், மூச்சு விடுவதைப் போல. அன்று குட்டையைச் சுற்றி வீசி வீசிக் கை ஓய்ந்தவர்கள் எல்லாரும் வெறுங்கையோடு போனார்கள். நான் வாளியோடு போனேன். பிறகு மாப்பிள்ளை போனில் காட்டினான், பனி கொட்டுகிற நாடுகளிலும் குளிர் காலத்தில் இப்படித்தான் பாஸ் பிடிக்கிறார்களாம். இருக்கட்டும். அவர்களிடம் நான் கேட்டுக் கற்கவில்லை.

பிரஷ் முடியை விட்டு ஆட்டு முடிக்கு வந்ததும் என் யோசனைதான். தீபாவளிக்கு எங்கள் குடியிருப்புத் தாமானில் நாலு குடும்பம் சேர்ந்து ஆடு வெட்டுவோம். தொடை யாருக்கு, ஈரல் யாருக்கு என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வாலைக் கேட்பேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் அந்த வாலில் ஒரு மழைக்காலத்துக்குத் தேவையான ஜிக் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் ஆட்டின் நிறம்தான் என் ஜிக்கின் நிறம். போன தீபாவளி ஆடு செவலை. வால் நுனி மட்டும் வெள்ளை. அப்படி ஒரு வால் மலாக்கா முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது. அது முழுக்க என் பிஸ்கட் டப்பாவில் இருந்தது. அதில் ஒன்று இப்போது சம்பந்தியின் நரம்பில் ஆடிக்கொண்டிருந்தது.

"எங்க வாங்குனீங்க சம்பந்தி?" என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்கிற நேரம் அது இல்லை.

என் மகள் அப்போது ஏழாம் மாதத்தில் இருந்தாள். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவதுதானே நம் வழக்கம். சம்பந்தி வீடு இருக்கும் டுரியான் துங்காலுக்கும் புக்கிட் பெருவாங்குக்கும் கார் ஏறினால் சோற்றின் சூடு ஆறுவதற்குள் போய்விடலாம். ஆனாலும் அழைத்து வருவது வேறு, போய்ப் பார்த்துவிட்டு வருவது வேறு. மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை, வார இறுதியில்தான் வருவான். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி. அந்த வீட்டுச் சமையல், துணி எல்லாம் வயிற்றைத் தாங்கிக்கொண்டு என் மகள்தான் பார்த்தாள். போனில் அவள் குரல் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மெலிந்துகொண்டே வந்தது. என் மனைவி இரவெல்லாம் புரண்டு படுத்தாள்.

வளைகாப்புக்கு நாள் வைக்க வேண்டியவர் சம்பந்தி. மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் செய்ய முடியாது. பிறகு தை வரை காத்திருக்க வேண்டும். கார்த்திகை ஓடிக்கொண்டிருந்தது. நான் பேச்செடுக்கும்போதெல்லாம் அவர் மிதவையைப் பார்த்துக்கொண்டே, "பாப்போம் லா சம்பந்தி, என்னா அவசரம்" என்பார். மாப்பிள்ளையைக் கேட்டால், "அப்பா சொன்னா சரிதான் மாமா" என்பான். அந்த மனிதரிடம் போய், நீ என் டப்பாவில் கை வைத்தாயா என்று கேட்டால் என் மகள் கதி என்ன ஆகும்? வாயை மூடிக்கொண்டேன். கண்ணை மூடவில்லை.

எப்போது எடுத்திருப்பார் என்று யோசித்தேன். குட்டைக்குப் போகிற வழியில் சாலையோரம் ஒரு வாரோங் கடை இருக்கிறது. பாதி காலையில் நான் எழுந்து போய் இருவருக்கும் டீயும் ரொட்டி சானாயும் வாங்கி வருவேன். டப்பா கரையிலேயே இருக்கும். அதுதான் வழி. அடுத்த ஞாயிறு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

"என்னா சம்பந்தி, டீ வாங்கறதுக்கு டப்பா எதுக்கு? டீயில போட்டுக் கலக்கவா?"

"வெயில்ல ஈயம் சூடாயிரும்."

"மழ தூறுது லா."

"அதான். முள்ளு துரு புடிச்சிரும்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் வழியெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். குற்றமில்லாதவன் சிரிப்பா, கெட்டிக்காரன் சிரிப்பா என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது அவர் வாளியில் ஒரு ராஜா கிடந்து வாலடித்துக்கொண்டிருந்தது. நரம்பில் செவலை முடி. அது போன வாரத்து ஜிக் இல்லை. போன வாரத்துத் தலைக்கு நான் பச்சை பூசியிருந்தேன். இது மஞ்சள். மஞ்சள் பூசியது இரண்டு நாளைக்கு முன்புதான்.

அப்படியானால் குட்டையில் எடுக்கவில்லை. என் வீட்டிலிருந்தே போகிறது. ஆனால் அந்த வாரம் சம்பந்தி என் வீட்டுப் பக்கமே வரவில்லை.

வேறு யாரோ என் கட்டைப் பார்த்துச் செய்து விற்கிறானோ என்று தெங்கேராவில் தூண்டில் சாமான் விற்கும் சீனக் கடைக்காரத் தவுக்கேயிடம் போனேன். முள்ளும் நரம்பும் அவரிடம்தான் வாங்குவது. ஒரு ஜிக்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இந்த மாதிரி யாரும் கட்றதில்ல, அங்கிள். நீங்க கட்டிக் குடுங்க, நான் விக்கிறேன்" என்றார் பாதி மலாயிலும் பாதி தமிழிலும்.

வெளியே வந்த பிறகுதான் தோன்றியது, இவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் விற்கிறேன் என்கிறார்? முன்பே ஒன்றைப் பார்த்திருக்கிறாரோ? காரில் உட்கார்ந்து சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் கடை வாசலையே பார்த்தேன். வந்தவர் ஒருவரும் ஜிக் வாங்கவில்லை. ஒரு பாட்டி மண்புழு வாங்கிக்கொண்டு போனாள்.

சந்தேகம் வந்த ஆளுக்கு வீடு முழுக்கக் கண்ணாகிவிடும். குப்பை அள்ளுகிறவன் கேட்டருகே நின்றால் அவன் மேல் சந்தேகம். பட்டறையில் என்னிடம் வேலை செய்யும் ஆள் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டால் அவன் மேல் சந்தேகம். எப்படிச் சுற்றினாலும் கடைசியில் போய்ச் சேருகிற இடம் சம்பந்தியின் நரம்பு. யார் எடுத்தாலும் எடுக்கச் சொன்னவர் அவர்தான் என்று முடிவு செய்தேன். சமையல்காரி போய்விடுவாளே என்று என் மகளைப் பிடித்து வைத்திருப்பவர்தானே, என் ஜிக்கைப் பிடித்து வைக்க மாட்டாரா?

ஒரு பொறி வைத்தேன்.

ஜிக்கின் நுட்பம் தொங்குவதில் இருக்கிறது. தண்ணீருக்குள் அது மீன் நிற்பதைப் போலக் கிடைமட்டமாக நிற்க வேண்டும். அதற்கு முள்ளின் காது, நரம்பு கட்டும் அந்த வளையம், சரியான இடத்தில் இருக்க வேண்டும். குறடால் அதைத் தொட்டும் தொடாமலும் பின்னுக்கு வளைத்தால் போதும், ஜிக் தலைகீழாகத் தொங்கும். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தண்ணீரில் விட்டால் மீனுக்குத் தெரியும். பக்கத்தில் வராது.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அப்படிக் கொஞ்சம் வளைத்தேன். என் மனைவி எதிரில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நல்லா இருக்கிறத எதுக்குக் கொறடு போட்டு நசுக்கறீங்க?"

"நசுக்கல. இது ஒரு வித்த. இப்ப இது தண்ணில தலகீழா தொங்கும். எவன் போட்டாலும் மீனு கிட்ட வராது. இத யாரு பண்ண முடியும் சொல்லு? நான் ஒருத்தன்தான்."

"மீனு வராததுக்கு ஒரு வித்த. நல்ல வித்ததான்" என்று சொல்லிவிட்டு அவள் நெத்திலியைக் கழுவப் போனாள்.

வளைத்தவற்றை டப்பாவின் மேல் தட்டில் வைத்தேன். நல்லவற்றை அடித்தட்டில், துணிக்கு அடியில் வைத்தேன். திருடுகிறவன் அவசரத்தில் மேலே இருப்பதைத்தான் எடுப்பான். என் கணக்கு அது.

மறுநாள் அவள் வழக்கம்போல மகளைப் பார்க்கப் போனாள். ஊறுகாய், ரசப்பொடி, முருங்கைக்கீரை, தூக்குச்சட்டியில் மீன் குழம்பு. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஒவ்வொரு வாரமும் பை நிறையக் கட்டிக்கொண்டு போவாள். நான்தான் காரில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டேன். பையையும் நான்தான் தூக்கிக் கொடுத்தேன். இதை எழுதும்போதுகூட என் கை அந்தப் பையின் கனத்தை உணர்கிறது.

ஞாயிறு காலை. கார்த்திகையில் அதுதான் கடைசி ஞாயிறு. வாரம் முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. செம்பனை மட்டைகளில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சம்பந்தி முந்தியே வந்து என்னுடைய கல்லுக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தார். மார்புச் சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்து, எனக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு கட்டினார். நான் பார்க்காதவன் போலப் பார்த்தேன். செவலை முடி, சிவப்பு வளையம். பொறியில் விழுந்துவிட்டார்.

வீசினார். மிதவை நிமிர்ந்து நின்றது. நானும் வீசினேன். என்னுடையது நல்ல ஜிக். முதல் மீன் எனக்கு, இரண்டாவதும் எனக்கு. அவர் மிதவையைத் தவளைகூடத் தொடவில்லை. இடம் மாற்றினார், ஆழம் மாற்றினார், பொட்டலத்திலிருந்து வேறொன்றை எடுத்துக் கட்டினார். ஒன்றும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. பெரிய மனிதன், வயது போனவன், இப்படி இனிக்கலாமா என்றால், இனித்தது.

கடைசியில் அவர் நரம்பைச் சுருட்டி, காலடித் தண்ணீரில் ஜிக்கை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"சம்பந்தி, இங்க வாங்க. இதப் பாருங்க. செத்த பல்லி மாரி தொங்குது."

எழுந்து போய்ப் பார்த்தேன். தொங்கியது. என் வேலை என்றைக்குப் பொய்த்தது?

"எந்தக் கடையில வாங்குனீங்க?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் குரலில். இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வாரம் காத்திருந்தேன்.

அவர் தலையைச் சொறிந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். அங்கே எங்களைத் தவிரச் செம்பனைதான் இருந்தது.

"கடையில இல்ல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்கு."

"யாரு?"

"நம்ம புள்ளதான். உங்க மக. அதுதான் எனக்குக் கட்டித் தருது."

என் மிதவை முங்கியது. அவர்தான் கையைக் காட்டினார். நான் கோலைத் தூக்குவதற்குள் மீன் போய்விட்டது.

"சின்ன வயசுல நீங்க கட்டறப்ப பக்கத்துல ஒக்காந்து பாத்துக் கத்துக்கிச்சாம்" என்றார் சம்பந்தி. "அப்பா கேட்டா சங்கடப்படுவாரு, சொல்லாதீங்க மாமான்னு சொல்லிச்சி. நானும் சொல்லல. கெட்டிக்காரப் புள்ள லா சம்பந்தி. மொதமொத அது குடுத்தத போட்டு ரெண்டு ராஜா புடிச்சேன் பாருங்க, அன்னிக்கு ஊட்டுல எல்லாம் ஒன்னா ஒக்காந்து சாப்ட்டோம். எனக்கும் மனசு நெறஞ்சிப் போச்சி."

என் மகளுக்கு ஆட்டு முடி வாடையே ஆகாது. நான் டப்பாவைத் திறந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடுகிறவள். சட்டைப் பொத்தான் அறுந்தால் அம்மாவைக் கூப்பிடுகிறவள். அவள் கட்டினாளாம். பை நிறையச் சாமானோடு என் மனைவி அந்த வீட்டு வாசலில் இறங்குவது கண் முன்னால் வந்து நின்றது. ரசப்பொடி, ஊறுகாய், கீரை. இன்னும் என்ன என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவர் பேசிக்கொண்டே போனார். "உள்ளத சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. வளகாப்பு முடிஞ்சா அனுப்பணுமேன்னுதான் நாள் வெக்காம இழுத்துக்கிட்டு இருந்தேன். மழ இன்னும் தை வரைக்கும் இருக்கே. அது அங்க போயிட்டா எனக்கு யாரு கட்டித் தருவா? ஆனா பாருங்க, இந்த வாரம் குடுத்தது ஒன்னும் சரியில்ல. கட்டு கோணல். ஈயம் ஒரு பக்கமா இழுக்குது. மொத கட்டுனதெல்லாம் எப்படி இருந்துச்சி தெரியுமா? கோவிச்சிக்காதீங்க சம்பந்தி, உங்க கட்டெல்லாம் அது பக்கத்துல நிக்காது."

அதை நான் கட்டினேன் என்கிற வார்த்தை தொண்டையைத் தாண்டி நாக்குக்கு வந்துவிட்டது. வாழ்நாளில் நான் செய்த ஒன்றை நான் செய்தேன் என்று சொல்லாமல் விட்டதில்லை. பட்டறைச் சுவரில் ஆணி அடித்தால்கூடச் சொல்லிவிடுவேன். ஆனால் அன்று அதைச் சொல்லியிருந்தால் என் மகள் அந்த வீட்டில் பொய்க்காரி ஆகிவிடுவாள். வயிற்றில் பிள்ளையோடு, அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில், தினமும் மூன்று வேளை. நாக்கை மடித்துக்கொண்டேன்.

அவர் ஜிக்கைக் கையில் எடுத்துத் துடைத்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"பாவம். கை தளந்து போச்சி போல. கண்ணும் சோந்து போயிருக்கும். நான் ஒரு மனுசன், புள்ளத்தாச்சிய போயி எனக்குக் கட்டித் தா கட்டித் தான்னு... நீங்க என்னா நெனைக்கிறீங்க? கட்டு கோணலாத்தானே இருக்கு?"

ஜிக்கை என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். ஒரு நூல் பிசகாத கட்டு. சிவப்பு வளையம் வட்டம் பிசகாமல் உட்கார்ந்திருந்தது.

"ஆமா" என்றேன். "கோணல்தான்."

என் வேலையை நானே குறை சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"அப்ப சரி" என்றார் சம்பந்தி. "மார்கழி பொறக்கறதுக்கு முன்ன நாள் பாத்துருவோம். நீங்க அழச்சிக்கிட்டுப் போங்க. அம்மா ஊட்டுல நல்லா படுத்துத் தூங்கட்டும். சமையலுக்கு நானும் எம் பொஞ்சாதியும் பாத்துக்குறோம். பஸ் ஓட்டுன கை, கரண்டி ஓட்டாதா?"

வாளியில் கிடந்த என் இரண்டு மீனில் பெரியதை அவருக்குக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னா சம்பந்தி, இன்னிக்கு என்னா வந்துச்சி உங்களுக்கு? எதுக்கு அடி போடறீங்க?" என்றார். வாங்கி, செவுளைத் தூக்கிப் பார்த்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் தன் வாளியில் போட்டார். சந்தேகம் எனக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவை மேசை மேல் வைத்தேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆமா, நான்தான் எடுத்தேன்" என்றாள்.

"அவ கேட்டாளா?"

"கேட்டா. ஞாயித்துக்கெழம ஆனா சம்பந்தி வெறும் வாளியோட ஊட்டுக்குப் போவாரு. ஆனா நீங்க கரையில அடிச்ச பெருமைய வாளி நெறைய அள்ளிக்கிட்டுப் போவாரு. அது எங்க கொட்டும்? அவ தட்டுலதான். உங்கப்பா இப்படிச் சொன்னாரு, உங்கப்பா அப்படிச் சொன்னாருன்னு. ரெண்டு மீனு அவருக்கும் கெடச்சா அந்த ஊட்டுல ஒரு வேள சோறு நிம்மதியா எறங்கும்னு சொன்னா. எடுத்துக் குடுத்தேன். நான்தான் கட்டுனேன்னு சொன்னது அவளா சொன்னது. அது எனக்கும் பொறவுதான் தெரியும்."

"என்னக் கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டனா?"

"மாட்டீங்க" என்றாள் என் மனைவி, ஒரு கைலியை உதறி மடித்துக்கொண்டே.

மீனைக் கழுவப் போய்விட்டேன். செதில் சுரண்டும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த வாரம் அவள் கொண்டுபோனவை அத்தனையும் வளைத்தவை. நான் வளைக்கும்போது எதிரில் இருந்தவள் அவள். தலைகீழாகத் தொங்கும், மீன் வராது என்று நானே என் வாயால் சொன்னேன். அடித்தட்டில் துணிக்கு அடியில் நல்லது இருப்பதும் அவளுக்குத் தெரியும். அந்தத் துணியே அவள் கிழித்துக் கொடுத்ததுதான். சம்பந்தி எதற்காக நாள் தள்ளுகிறார் என்று மகள் அவளிடம் சொல்லியிருப்பாளா, மாட்டாளா? கத்தியைப் போட்டுவிட்டு வந்து அவளைப் பார்த்தேன்.

"மேல இருந்தது ஏன் எடுத்த?"

"மேல இருந்துச்சி, எடுத்தேன்" என்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை. டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். இரும்பின் தடம் பார்த்து ஆள் சொல்கிற என் கண்ணுக்கு அந்த முகத்தில் ஒரு தடமும் கிடைக்கவில்லை. இன்று வரை கிடைக்கவில்லை.

வளைகாப்பு கார்த்திகை முடிவதற்குள் நடந்தது. அன்று மாலையே மகளை அழைத்துக்கொண்டு வந்தோம். கை நிறைய வளையலோடு காரின் பின் சீட்டில் அம்மாவின் தோளில் சாய்ந்து, புக்கிட் பெருவாங் வருவதற்குள் தூங்கிவிட்டாள். நான் கேட்டைத் திறந்தேன். என் கேட், சத்தமே இல்லாமல் திறக்கும். அவள் விழிக்கவில்லை.

அதன் பிறகு சம்பந்தி வாராவாரம் ஆப்பிளும் ஹார்லிக்ஸ் போத்தலும் வாங்கிக்கொண்டு மருமகளைப் பார்க்க வந்தார். வந்து உட்கார்ந்ததும், "கை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார். மாமனார் ஒருவர் மருமகளிடம் முதல் கேள்வியாகக் கையை விசாரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "இப்ப பரவால்ல மாமா" என்பாள் என் மகள். அவர் கிளம்பும்போது காகிதத்தில் மடித்த ஏதோ ஒன்றை அவர் கையில் வைப்பாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருப்பேன். டப்பாவைப் பழைய இடத்திலிருந்து எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் தினமும் அரிசி அளப்பது யார் என்பதை யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

குறடை மறுபடி எடுக்கவில்லை. அதற்குப் பிறகு கட்டியவற்றின் காது எல்லாம் நேராகத்தான் வைத்தேன், மேல் தட்டில் இருப்பதும் அடித்தட்டில் இருப்பதும்.

மழை ஓய்வதற்கு முன் ஒரு ஞாயிறு, சம்பந்தி என்னுடையதைவிடப் பெரிய ராஜா ஒன்றைத் தூக்கினார். அது கரையில் துள்ளத் துள்ள, வாயோரத்தில் குத்தியிருந்த ஜிக்கைக் காட்டி, "பாத்தீங்களா சம்பந்தி, உங்க மக கைய? தூங்கி எந்திரிச்சதும் பழைய கை வந்துருச்சி. நீங்களும் கொஞ்சம் அதுகிட்ட கத்துக்கலாம் லா" என்றார்.

குனிந்து பார்த்தேன். செவலை முடி, வெள்ளை நுனி, சிவப்பில் ஒரு வளையம். மலாக்காவில் அப்படிக் கட்டத் தெரிந்தவன் ஒருவன்தான்.

"கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.